நகையைத் தூக்குமுன் அட்டையைத் தேடுங்கள்

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் அடுத்து நடப்பது ஊருக்கே மனப்பாடம். கார் பிடித்து மதுரைக்கு ஓடுவார்கள். கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டுவார்கள். விடிந்ததும் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும், போதாததற்கு வட்டிக்கு வாங்குவார்கள். மூன்றாம் நாள் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் கேட்பார்: "ஏன் மாமா, காப்பீட்டு அட்டை இல்லையா?"

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், நோய் வருவதற்கு முந்தைய வருஷமே கேட்டிருக்க வேண்டும்.

2009-ல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்துவரும் இத்திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு 1,20,000 ஆகிவிட்டது. பழைய வரம்பின்போது "வருமானம் கூட" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னமும் தங்களுக்குக் கிடையாது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி போய்க் கேளுங்கள்.

அட்டை எடுக்க வேண்டியவை மூன்று: ரேஷன் அட்டை, குடும்பத்தார் ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாலுகா அலுவலகம் போய்ச் சேரும். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாவிட்டால் "நாளைக்கு வா" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. சான்று வந்ததும் குடும்பத் தலைவர் நேரில் விருதுநகர் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "நான் எடுத்துத் தர்றேன், செலவுக்குக் குடுங்க" என்று வருகிறவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இதில் அதிகம் கோட்டைவிடுவது ரேஷன் அட்டையில்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையில் நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டு அட்டையில் சேர்த்திருக்க மாட்டார்கள். பிறந்து மூன்று வயதான பிள்ளையின் பெயரும் ஏறியிருக்காது. ரேஷன் அட்டையில் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் இடமில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய அட்டை பீரோவில் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அது இன்னும் செல்லுமா, யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் படுக்கையில் கிடக்கும்போதும் அட்டை எடுக்கலாம். ஆனால் சனி, ஞாயிறு, அதிகாரி விடுப்பு எல்லாம் அந்த வாரத்தில்தான் வரும். அதனால் மறுபடியும் சொல்கிறேன்: நோய் வருமுன் எடுங்கள்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும், முன்பணம் கட்டுமுன், காப்பீட்டுத் திட்டப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். எல்லாத் தனியார் மருத்துவமனையும் திட்டத்தில் இல்லை, இருப்பவற்றிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இல்லை. "இந்த நோய்க்கு இங்கே திட்டத்தில் பார்ப்பீர்களா?" என்ற ஒரு கேள்வி லட்ச ரூபாய்க் கடனைத் தடுக்கும். அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது மருத்துவமனையின் வேலை. கட்டிய பணத்தை ரசீது காட்டித் திரும்ப வாங்கும் திட்டமல்ல இது. முதலில் கட்டிவிட்டுப் பிறகு அலைவதில் பயனில்லை. படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்பணம் கேட்டால் மேலே சொன்ன கட்டணமில்லா எண்ணிலேயே புகார் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்ப் புகார் காற்றோடு போய்விடும். மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் அட்டையைக் காட்டுங்கள். காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வரும்.

அட்டையே தேவைப்படாத நேரமும் உண்டு. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அடிபட்டால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய இதற்கு வருமான வரம்பு கிடையாது, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், அதனால் 108-ஐக் கூப்பிடுங்கள். "தூக்கினால் கேசாகிவிடும்" என்று சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைக் காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசியாகப் பாம்புக்கடி, நாய்க்கடி. கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போய்க் கடிபட்டவரை இன்றும் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கடிவாயைக் கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். நாய் கடித்தால் மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள். 3, 7, 28-ஆம் நாட்களுக்கான ஊசிகளை விடக் கூடாது. "ரெண்டு போட்டாச்சு, நல்லாத்தான் இருக்கான்" என்று நிறுத்திவிடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைக்க வைக்க மருந்து இல்லை.

வசதியும் பணமும் அரசிடம் உங்கள் பெயரில் இருக்கின்றன, அவை தானாக உங்கள் வீட்டுக்கு வராது. இந்த வாரமே ரேஷன் அட்டையில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் வருமானச் சான்றுக்கு மனுப் போடுங்கள். அட்டை வந்ததும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் போன் போடப்போவது அவனுக்குத்தான்.