வெட்டாமல் பார்க்கும் வெளிச்சம்

கெடாவின் கோத்தா கோலா மூடாவில் சாயங்காலம் திடலில் விளையாடிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். கொசு கடித்த தடிப்பு ஒன்றாவது இருக்கும். அந்தத் தடிப்பை உண்டாக்கியது உங்கள் உடம்புதான்! இரத்தம் உறிஞ்சும்போது கொசு தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அங்கே காவலிருக்கும் மாஸ்ட் செல்கள் அதை உணர்ந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. மெல்லிய இரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. இடம் வீங்கி அரிக்கிறது.

இப்படித் தோலில் காவலிருக்கும் செல்களில் பல வகை உண்டு. 1868-இல் பெர்லினில் மருத்துவப் படிப்பை இன்னும் முடிக்காத மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ், தோல் துண்டு ஒன்றைத் தங்க உப்புக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கிளை கிளையாக நீண்ட கறுப்புச் செல்கள் தெரிந்தன. நரம்பு செல்கள் என்று நினைத்துக்கொண்டார். அவை நோயெதிர்ப்பு செல்கள் என்று உறுதியாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கொசு பரப்பும் டெங்கிக் கிருமி மனிதத் தோலில் தொற்றும் செல்களில் இந்த லாங்கர்ஹான்ஸ் செல்களும் அடங்கும் என்று 2000-இல் கண்டுபிடித்தார்கள். கெடாவில் வாழும் நமக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் ஒரு தொல்லை. இந்தச் செல்களைப் பார்க்கத் தோலை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. வெட்டினால் வலிக்கும், தழும்பும் விழும். அதைவிட, வெட்டி நிறமேற்றிய துண்டில் செல்கள் உயிரோடு இருப்பதில்லை. அவை எதை விழுங்கின, எப்படி மாறின என்பதை நேரில் பார்க்கவே முடியாது.

வழி இயற்பியலிலிருந்து வந்தது. 1931-இல் மரியா கோப்பெர்ட் மேயர் என்ற ஜெர்மானியப் பெண், ஒரு மூலக்கூறு ஒரே கணத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியும் என்று கணக்குப் போட்டு எழுதினார். அதைச் சோதிக்கத் தேவையான வலுவான ஒளி அப்போது கிடையாது. லேசர் 1960-இல்தான் பிறந்தது. 1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்தக் கணக்கை வைத்தே ஒரு நுண்ணோக்கி செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் தோலுக்குள் இறங்குகிறது. ஒளி மிக நெருக்கமாகக் குவியும் ஒரே புள்ளியில் மட்டும் மூலக்கூறுகள் இரண்டிரண்டு துகள்களாக விழுங்கி ஒளிர்கின்றன. அந்தப் புள்ளியை நகர்த்திக்கொண்டே போனால் படம் கிடைக்கிறது. சாயம் வேண்டாம். செல் ஆற்றல் எடுக்க உதவும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறே ஒளிரும்.

தோலில் நார்களும் ஒளிரும், மற்ற செல்களும் ஒளிரும். எது எது என்று எப்படிப் பிரிப்பது? நம்மூர் பாசார் பிசிக் மீன் சந்தையில், வாங்க வருபவர்கள் விலையை விற்பவரின் காதோடு காதாகச் சொல்வதுதானே பழைய வழக்கம்? எத்தனை பேர் சூழ்ந்து நின்றாலும் விற்பவரின் காது ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரித்துக் கேட்டுவிடும். இந்தக் கருவியும் அப்படித்தான். ஒவ்வொரு ஒளிர்வும் அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் அந்த நேரம்!

2022-இல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் இப்படித்தான் உயிருள்ள மனிதர்களின் தோலில் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கி செல்களைப் பார்த்தார்கள். அழற்சியை மூட்டும் எம்-1 வகை, தணிக்கும் எம்-2 வகை இரண்டையும் பிரித்தறியக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 100 எம்-1 செல்களில் ஏறக்குறைய 88-ஐயும், 100 எம்-2 செல்களில் ஏறக்குறைய 82-ஐயும் அது சரியாகக் கண்டுபிடித்தது. கத்தியில்லாமல் கிடைத்த இந்த விடை எனக்குப் பெரிய சாதனையாகவே படுகிறது.

குறைகளும் உண்டு. ஒளி மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் நன்றாகப் போகும். கை அசைந்தால் படம் கலங்கும். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், தானும் ஒளிரும். அதனால் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் படத்தைப் படிக்கக் கூடுதல் கவனம் தேவை. இந்தக் குறைகளைச் சரிசெய்ய இயற்பியலும் உயிரியலும் தெரிந்தவர்கள் வேண்டும். இரண்டில் எதை எடுப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளே, இரண்டையும் விடாமல் படியுங்கள்.