எலி வராமலே விழும் கதவு

"போலியோ சொட்டு மருந்தை ஐஸ் பெட்டிக்குள் பொத்திப் பொத்திக் கொண்டுவருகிறார்கள். அதே கிருமி சாக்கடையில் சாகாமல் கிடக்கும் என்கிறீர்கள். எதை நம்புவது?" என்று தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டையும் நம்பலாம்.

2001இல் மும்பையின் மூன்று குடிசைப் பகுதிகளில் வாரந்தோறும் சாக்கடை நீரை எடுத்துச் சோதித்தார்கள். 137 மாதிரிகளில் 35இல் முதல் வகைப் போலியோ வைரஸ் இருந்தது. அந்த ஆண்டு நகரில் போலியோவால் முடங்கியதாகப் பதிவானதோ ஒரே ஒருவர்.

இந்த வைரஸின் புரதக் கூட்டை 1985இல் ஜேம்ஸ் ஹோகிள் குழுவினர் அணு அணுவாகப் படம்பிடித்தார்கள். வரலாறு அவ்வளவு போதும். நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60. சோப்பில் கரைய மேலே கொழுப்புப் படலம் கிடையாது. இரைப்பை அமிலத்தையும் தாங்கும். ஆனால், இத்தனை கெட்டியான கூடு குடல் செல்லைத் தொட்டதும் திறந்தாக வேண்டுமே!

மரப்பெட்டி எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கிய கதவை விழாமல் பிடித்திருப்பது மசால் வடை மாட்டிய கொக்கி. வைரஸிலும் அப்படி ஒரு வடை உண்டு: விபி1 என்ற புரதத்தின் குழியில் செருகியிருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறு. செல்லின் ஏற்பி வந்து பற்றினால் வடை நழுவும். கூடு சுமார் 4 சதவீதம் விரியும். உள்ளே ஒளிந்திருந்த விபி4 புரதம் வெளியே வந்து செல்லின் சவ்வில் துளை போட, வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ அதன் வழியே இறங்கும். விழுந்த கதவு தானாக மேலே ஏறாது. வெப்பம் என்ன செய்கிறது? பொறியைப் பிடித்து உலுக்குகிறது. எலி வராமலே கதவு விழுகிறது. புரதம் ஒன்றுகூட அறுபடவில்லை, ஆனாலும் அந்த வைரஸ் இனி அநேகமாக யாரையும் தொற்றாது. சொட்டு மருந்தில் கலக்கும் மக்னீசியம் குளோரைடு, கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு. கொஞ்சம் உலுக்கலைத் தாங்கும், அவ்வளவுதான்.

சாக்கடையிலும் பொறிக் கதவுகள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் தொற்றிய குழந்தை வாரக்கணக்கில் மலத்தோடு லட்சக்கணக்கான வைரஸ்களை வெளியேற்றுகிறது. அதில் மிஞ்சும் சிலவே ஆய்வகத்தில் அகப்படப் போதும். மருந்துக் குப்பியை நிரப்பிக்கொண்டே இருக்க ஆளில்லை. இரண்டு சொட்டுக்குள் போதிய எண்ணிக்கை இருந்தே ஆக வேண்டும்.

உடனே, வெயில் எல்லா வைரஸையும் தீர்த்துவிடும் என்று கிளம்ப வேண்டாம். 2020 கோடையில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஜூலையில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தகிசர் வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதியினரில் 57 சதவீதம் பேருக்குக் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. நெருக்கடியான ஓர் அறையில் ஒருவர் மூச்சிலிருந்து அடுத்தவர் மூச்சுக்குத் தாவ அதற்குச் சில நொடிகள் போதும். வெயில் குறுக்கே வர நேரம் ஏது?

போலியோ சொட்டு மருந்து முகாமுக்குப் பிள்ளையைத் தூக்கிப்போகும்போது குப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. 37 டிகிரியில் இரண்டு நாள் கிடந்தாலே இரண்டும் ஒரே நிறமாகிவிடும். அப்படிப்பட்ட குப்பியைத் தயங்காமல் மறுத்து, வேறு குப்பி கேளுங்கள்.