கப்பலில் ஏறாத கொசு

ஏப்ரல், மே வந்துவிட்டால் சிதம்பரத்து நான்கு வீதிகளிலும் ஒரு புதுப் பேச்சு காதில் விழுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் கோடைக்கு அப்பா அம்மாவை வரவழைத்து, சியாட்டிலிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிப் போகிறார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், ஸ்வெட்டர், ஆறு மாதத்து பிபி மாத்திரை எல்லாம் பெட்டிக்குள் போனபின், ஓடோமோஸ் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்பார்: "ஏங்க, இது வேணுமா?" அப்பா சொல்வார்: "பனிமலை பார்க்கப் போறோம். அங்க ஏது கொசு?"

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தேட அலாஸ்கா வரை போக வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் பிச்சாவரத்துப் படகுத்துறை போதும்.

முதலில் நடுக்கடல். பூச்சிகளில் பெயர் வைக்கப்பட்ட இனங்களே பத்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கின்றன. ஆனால் திறந்த பெருங்கடலில் வாழ்நாள் முழுக்கக் குடியிருப்பவை ஐந்தே ஐந்து இனங்கள். ஐந்தும் ஹாலோபேட்ஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நம் குளத்தில் நீர்மேல் சறுக்கி ஓடும் பூச்சியின் கடல்வாழ் உறவினர்கள். இறக்கை கிடையாது. மிதக்கும் இறகு, மரத்துண்டு என எது கிடைத்தாலும் அதில் முட்டையிட்டு வாழ்கின்றன. அதே பேரினத்தின் மற்ற இனங்கள் பெரும்பாலும் அலையாத்திக் காடுகளின் ஓரத்திலும் கரையோர நீரிலும் நின்றுவிட்டன. கொசுவுக்கோ அந்த அளவு துணிச்சல்கூட இல்லை. அதன் புழு வளர அசையாத நீர் வேண்டும். அலை அடிக்கும் நீரில், குழாய் வழியே மூச்சு விடும் அந்தப் புழு மேற்பரப்பில் தொங்கி நிற்க முடியாது.

கொசு பறக்கும் வேகமும் பெரிதாக ஒன்றுமில்லை, மணிக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றில்தான். பயணக் கப்பல் ஓடுவது மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஓடும் கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து களிம்பு தடவுவது பணத்துக்குப் பிடித்த கேடு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கிய கார்டிலியா சொகுசுக் கப்பலுக்கும் இதே கணக்குதான். பிச்சாவரத்தில் அகலமான கால்வாயில் மோட்டார் படகில் போகும்போது யாரும் காலைத் தட்டிக்கொள்ளாததற்கும் காரணம் ஓட்டத்தில் எழும் காற்றுதான்.

துடுப்புப் படகு கதை வேறு. வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் இந்தச் சுரபுன்னைக் காட்டின் அழகே சின்னச் சின்ன ஓடைகளில்தான் இருக்கிறது. இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்குமேல் கைகோத்துக்கொள்ளும். படகு குறுக்குவாட்டில் திரும்பக்கூட இடம் இருக்காது. காற்று நின்றுவிடும். வெயில் ஏறாத, ஈரம் ஏறிய அந்த நிழலில் படகு நின்ற இரண்டு நிமிடத்தில் கணுக்காலில் ஏதோ ஊரும்.

அங்கே குனிந்து பார்க்க ஓர் இடம் உண்டு. வற்றம் இறங்கும்போது வேர்களுக்கு இடையே சேறு தெரியும். சேறெங்கும் நண்டு வளைகள். வளைக்குள் விரலளவு தண்ணீர் தங்கியிருக்கும். பட்டுப்போன வெண்கண்டல் மரத்தின் பொந்திலும் இலைச்சாறு கலந்து கறுத்த ஒரு கை நீர் கிடக்கும். ஏற்றம் எட்டாத மேட்டில் உப்பு நீர்க் குட்டைகள் இருக்கும். இந்த மூன்றும்தான் அலையாத்திக் கொசுக்களின் பிரசவ அறைகள். கியூலெக்ஸ் சிட்டியன்ஸ் போன்ற இனங்கள் உவர்நீரிலேயே வளரும். உப்பு நீர்க் கொசுக்களில் சில இனங்களின் புழுக்கள் அந்த நீரைக் குடித்து, மிகுந்த உப்பை மலக்குடல் வழியே வெளியே தள்ளிவிடுகின்றன. 1975-இல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் என்று நாட்டின் அலையாத்திக் காடுகளில் ஏறி இறங்கி, மரப்பொந்தும் நண்டு வளையுமாகத் துழாவிக் கொசுக்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். சேற்றில் முழங்கால் வரை புதைந்து, நண்டு வளைக்குள் குழாயை விட்டுத் தண்ணீர் உறிஞ்சி எடுக்கும் வேலைக்கு எந்த மேடையிலும் பொன்னாடை கிடைப்பதில்லை.

அதற்காக அலையாத்திக் காட்டைக் கொசுத் தொழிற்சாலை என்று சொல்லிவிட முடியாது. ஏற்றமும் வற்றமும் தினம் கழுவிவிடும் ஓடையில் புழு நிலைக்காது. மிஞ்சியதை மீன்குஞ்சுகள் தின்றுவிடும். தண்ணீர் சிக்கிக்கொள்ளும் இடம்தான் சிக்கல். பிச்சாவரமே இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970கள் வரை இங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த மண் தொட்டி போல ஆனது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறி, புதுக் கன்று எதுவும் முளைக்காமல் போயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். தேங்கிய நீர் மறுபடி ஓடத் தொடங்கியது. கன்றுகள் பிடித்தன.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1980களின் நடுவிலிருந்தே உவர்ச் சதுப்புகளில் ஆழமில்லாத சிறு ஓடைகளைக் கீறிவிடுகிறார்கள். அது மரம் வளர்க்க அல்ல, கொசுவைக் குறைக்க. தேங்கும் குட்டையை அலையோடு இணைத்துவிட்டால் புழு அடித்துச் செல்லப்படும்; மீனும் உள்ளே வந்துவிடும். அங்கே கொசுவுக்காகச் செய்ததும் இங்கே காட்டுக்காகச் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை. பிச்சாவரத்து வாய்க்கால்களைக் கொசுக் கண்ணோடு யாராவது அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

பிச்சாவரம் போகிறவரை உண்மையில் கடிக்கும் கொசு பெரும்பாலும் படகில் கடிப்பதில்லை. மாலையில் கரை ஏறி, சிதம்பரத்திலோ கடலூரிலோ லாட்ஜ் அறைக்கு வந்து, ஜன்னலைத் திறந்தபின்தான் கடிக்கிறது. அது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளரும் கியூலெக்ஸ் குவின்குபாசியேட்டஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். கடலூர் மாவட்டத்துக்கு இந்தக் கொசுவோடு பழைய கணக்கு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் டிஇசி மாத்திரை கொடுத்து யானைக்கால் கிருமியை ஒழிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 1996-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். கடலூர்க்காரர்களில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, வீடு தேடி வந்து கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைத்த சுகாதாரப் பணியாளர் நினைவுக்கு வரலாம். உள்ளே தள்ளி விருத்தாசலத்துப் பக்கம் போனால் நெல்வயல் கொசுக்கள். மூளைக்காய்ச்சல் பரப்பும் அவற்றை ஆராய மதுரை மருத்துவப் பூச்சியியல் மையம் விருத்தாசலத்தில் ஒரு களநிலையமே வைத்திருந்தது. பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவுக்கு உங்கள் வீட்டு டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, இவையே போதும். அது ஓரிரு நூறு மீட்டருக்குமேல் பறக்கக்கூட மெனக்கெடுவதில்லை.

காடே கொசுவுக்கு மருந்தும் வைத்திருக்கிறதா என்று பார்த்தவர்களும் இங்கே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அங்கே பேராசிரியர் கதிரேசனும் உடன் ஆய்வாளர்களும் அலையாத்தித் தாவரச் சாறுகள் கொசுப் புழுவைக் கொல்கின்றனவா, புகை கொசுவை விரட்டுகிறதா என்று சோதித்தார்கள். பலன் தெரிந்தது. ஆனால் ஆய்வகத்துக் குடுவையிலிருந்து கடை டியூபுக்கு வரும் வழி நீளமானது. தில்லை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் கோயிலின் தலமரம் அது, ஊரின் பழைய பெயரே அதுதான். இன்று தில்லையைப் பார்க்க பிச்சாவரம்தான் போக வேண்டும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். கொசுவை விரட்டப் போய் ஆளையே விரட்டிவிடும் மரம். வீட்டில் நொச்சி வளர்த்தால் கொசு வராது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. இலையைக் கசக்கினாலோ புகை போட்டாலோ வேலை செய்யும். தொட்டியில் சும்மா நிற்கும் செடியைக் கொசு பொருட்படுத்தாது.

"உனக்கு ரத்தம் இனிப்பு, அதான் கடிக்குது" என்று சொல்வோம். கொசுவுக்கு ரத்தத்தின் ருசி கடித்தபின்தான் தெரியும். அதற்குமுன் அது மோப்பம் பிடிப்பது நாம் விடும் கரியமில வாயுவை. பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே அது தெரிந்துவிடும். அருகே வந்தால் தோலின் வாசனை, சூடு. 2022-இல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஷல் குழுவினர் ஆட்களின் முன்கையில் நைலான் உறை மாட்டிவிட்டு, பிறகு அந்த உறைகளை மட்டும் கொசுக்கள் முன் வைத்தார்கள். ஆளே இல்லாமல், உறையின் வாசத்துக்கே கொசுக்கள் ஆளைத் தேர்ந்தெடுத்தன. தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் சுரப்பவர்கள்தான் அவற்றுக்குப் பிடித்தவர்கள். மாதங்கள் கடந்தும் அந்தத் தேர்வு மாறவில்லை.

களிம்பு குழப்புவது இந்த மோப்பத்தைத்தான். அமெரிக்க ராணுவத்துக்காக 1946-இல் உருவாகி, 1957-இல் பொதுமக்களுக்கு வந்த டீட் இன்றும் அளவுகோல். அது கொசுவைக் கொல்வதில்லை. மோப்ப உணர்விகளைக் குழப்புகிறது. தடவிய தோலில் கொசு கால் வைத்தால் காலின் வழியாகவும் உணர்ந்து விலகுகிறது. 10 சதவீத டீட் சுமார் இரண்டு மணி நேரம், 30 சதவீதம் சுமார் ஐந்து மணி நேரம் தாங்கும். 50-க்குமேல் போனால் காசுதான் கூடும், நேரம் கூடாது. நம் ஊர் ஓடோமோஸில் இருப்பது டீட் அல்ல. அதன் நெருங்கிய உறவான டைஎத்தில் பென்ஸமைடு, 12 சதவீதம். டீட் செய்யத் தேவையான மூலப்பொருள் இந்தியாவில் கிடைக்காத காலத்தில், குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் டெபா என்று இன்னொன்றை உருவாக்கியது.

இனி அலாஸ்கா. அப்பா சொன்னதில் பாதி சரி: மலேரியா, டெங்கு பயம் அங்கே இல்லை. மீதிப் பாதியில்தான் தவறு. வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் அடிமண் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். கோடையில் மேல்பனி உருகும் நீர் கீழே இறங்க முடியாமல் லட்சக்கணக்கான குட்டைகளாக நிற்கும். பிச்சாவரத்தில் வெட்டவெளி மண் செய்த வேலையை அங்கே உறைமண் செய்கிறது. முந்தைய கோடையில் இட்ட முட்டைகள் குளிர்காலத்தைத் தாண்டிக் காத்திருந்து, உருகிய நீர் பட்டதும் ஒரே சமயத்தில் பொரிக்கும். ஜூன், ஜூலையில் எழும் அந்தக் கூட்டத்துக்குப் பயந்து காரிபூ மான் கூட்டங்கள் மேய்ச்சலை விட்டுக் காற்றடிக்கும் மேட்டுக்கு ஓடும். கிரீன்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, வெப்பம் 2 டிகிரி கூடினால் கொசுப் புழுக்கள் பிழைத்து வளர்ந்து பறக்கும் வாய்ப்பு 53 சதவீதம் கூடும் என்று 2015-இல் கணக்கிட்டது. கொசுவே இல்லாத நாடு என்று பெயர் வாங்கியிருந்த ஐஸ்லாந்திலும் 2025 அக்டோபரில் முதல் கொசுக்கள் சிக்கின.

ஆகவே ஓடோமோஸ் பெட்டிக்குள் போகலாம். கப்பல் ஜூனோ, ஸ்காக்வே போன்ற துறைகளில் நின்று, காட்டுப்பாதையில் நடக்கக் கூட்டிப்போகும் நாளுக்கும், ரயிலேறி டெனாலிப் பக்கம் உள்நாட்டுக்குப் போகும் நாட்களுக்கும் அது தேவை. உள்நாட்டுப் பயணம் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லி அங்கேயே 30 சதவீத டீட் வாங்கிக்கொள்வது நல்லது. வெயில் களிம்பு முதலில், கொசுக் களிம்பு அதன்மேல். உடையிலும் கவனம் உண்டு: வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்றில் டெங்குக் கொசுக்கள் கரியமில வாயுவை மோந்ததும் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பை நோக்கிப் பறந்தன, வெள்ளை, பச்சை, நீலத்தை விட்டுவிட்டன. பிச்சாவரத்துக்கு வேட்டியோடு போகிற பெரியவர் தெரியாமலேயே சரியாகச் செய்கிறார். கணுக்கால்தான் வெளியே தெரியும், அங்கே தடவினால் போதும். டீட் தடவிய கையோடு பிளாஸ்டிக் பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடியை மட்டும் தொட வேண்டாம். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பைனாகுலர், செல்போன் உறைக்கும் அதே கதி.