அஸ்திவாரம் போடும் முன்பே வீட்டின் சூட்டை அளக்கலாம்... எப்படி?

இரவு 11 மணி. வெயில் இறங்கி நாலைந்து மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள பண்டசோழநல்லூர் ஆகட்டும், வில்லியனூர், பாகூர் பக்கம் ஆகட்டும், மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். லோன் போட்டு வீடு கட்டியவர்கள், அடுத்த கோடையிலேயே ஏசிக்கும் இஎம்ஐ கட்டத் தொடங்குகிறார்கள்.

இந்தச் சூட்டை வீடு கட்டும் முன்பே, பிளான் போடும்போதே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன.

மென்பொருள் என்ன செய்கிறது?

ரெவிட், ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்களில் வீட்டின் முப்பரிமாண மாதிரியை முதலில் உருவாக்குவார்கள். சுவர் எத்தனை அங்குலம், செங்கல்லா ஹாலோ பிளாக்கா, ஜன்னல் எந்தத் திசையில், சன்ஷேடு எவ்வளவு நீளம் என எல்லா விவரமும் அதில் இருக்கும்.

அடுத்து, எனர்ஜிபிளஸ் போன்ற கணக்கிடும் மென்பொருளுக்கு அந்த மாதிரி போகும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் உருவாகி 2001-ல் வெளியான இதை இலவசமாகவே பயன்படுத்தலாம். ஒரு ஊரின் வெயில், காற்று, ஈரப்பதம் அடங்கிய வானிலைக் கோப்பை இதில் சேர்த்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் கணக்குப் போட்டுவிடும். எந்த அறை, எந்த மாதம், எத்தனை மணிக்கு அதிகம் சூடாகிறது, அந்தச் சூடு கூரை வழியாக வருகிறதா ஜன்னல் வழியாகவா என்பது தெரிந்துவிடும்.

ஜன்னலை மேற்கிலிருந்து தெற்குக்கு மாற்ற கம்ப்யூட்டரில் சில நிமிடம் போதும். கட்டி முடித்த பிறகு என்றால் சுவரை இடிக்க வேண்டும்.

நம்ம ஊரில் சூரியன் எங்கே?

புதுச்சேரி வட்டாரம் இருப்பது ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில். அதனால் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே தள்ளியிருக்கும். ‘வடக்குச் சுவர்தானே, வெயிலே படாது’ என்ற நம்பிக்கை அந்த மாதங்களில் பலிக்காது.

பகல் முழுக்க வெயிலை வாங்குவது கூரை. மாலையில் சாய்ந்து வரும் வெயிலை வாங்குவது மேற்குச் சுவர். தாழ்ந்து வரும் அந்த வெயிலை சன்ஷேடு பெரிதாகத் தடுக்காது.

கூரைக்கு ஒரு சின்னக் கணக்கு

600 சதுர அடி கூரை என்றால் சுமார் 56 சதுர மீட்டர். வெப்பத் தடுப்பு எதுவும் இல்லாத கான்கிரீட் தளத்தில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 3.5 வாட் வெப்பம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மாடிக்கும் அறைக்கும் 25 டிகிரி வித்தியாசம் இருந்தால், உள்ளே வருவது 4,900 வாட்.

தளவரிசைக்கு அடியில் ஓர் அங்குல வெப்பத் தடுப்புப் பலகை வைத்து அந்த 3.5-ஐ 1.2 ஆகக் குறைத்தால்? 1,680 வாட்தான். மிச்சம் 3,220 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பமே சுமார் 3,500 வாட்தான். அதாவது, கிட்டத்தட்ட ஒரு ஏசியின் வேலையைக் கூரையே பார்த்துவிடுகிறது. இது தோராயக் கணக்கு. மென்பொருள் இதையே மணிக்கு மணி செய்கிறது.

சட்டம் கேட்கிறதா?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வீடுகளுக்காக ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரைக்கு மேலே சொன்ன 1.2 தான் அதன் உச்சவரம்பு. சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு உள்தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். 600 சதுர அடிக்கு 100 சதுர அடி.

சிக்கல் என்னவென்றால், இது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. அதாவது சுமார் 5,380 சதுர அடி. கிராமத்துச் சின்ன மனைகள் இதில் வராது. கரன்ட் பில் பாரம் அதிகம் அழுத்தும் வீடுகளுக்கு இந்தக் கணக்கைப் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நாமே கேட்டால்தான் உண்டு.

கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு பாடம்

இதே கேள்விகளுக்குப் புதுச்சேரி நகரில் 1930-களிலேயே விடை தேடியிருக்கிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியை வடிவமைத்தவர் டோக்கியோவில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். களத்தில் நின்று கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா. கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கு, தெற்கு பார்த்தவை. கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் சாய்த்துத் திறக்கும் பலகைகள். கூரைக்கு மேல் காற்று இடைவெளி விட்டு இன்னொரு ஓடு. ஏசியை நம்பாமல் திசை, நிழல், காற்று மூன்றையும் வைத்தே முடித்துவிட்டார்கள்.

மென்பொருளை அப்படியே நம்பலாமா?

கூடாது. கொடுத்த விவரம் தப்பென்றால் விடையும் தப்பு. ஊருக்கென்று வானிலைக் கோப்பு இல்லையென்றால் சென்னை போன்ற பக்கத்து ஊர்க் கோப்பைத்தான் போட வேண்டும். வீட்டில் எப்போது ஜன்னலைத் திறப்பார்கள் என்பதும் ஓர் ஊகமே. எனவே ‘பில் இவ்வளவு வரும்’ என்று எடுத்துக்கொள்ளாமல், ‘இந்த பிளானா, அந்த பிளானா’ என்று ஒப்பிடப் பயன்படுத்துவதே சரி.

மென்பொருள் தெரிந்த இன்ஜினீயர் கிடைக்கவில்லையா? பிளானில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். கூரைக்கு வெப்பத் தடுப்பு உண்டா? மேற்கில் படுக்கையறை இருக்கிறதா, அந்த இடத்தில் பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூமை வைக்கலாமா? ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறதா?

சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போட்டுவிட்டால், முதல் இரண்டு கேள்விக்கும் விடை தேட செலவு பல மடங்கு ஆகும்.