வித்து வெங்காயத்தைப் பங்கசு நோய்களினின்றும் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலும் கற்பிட்டியின் மணற்பாங்கான நிலங்களிலும் சின்ன வெங்காயம் பெரும்பாலும் குமிழ்களை நட்டே பயிரிடப்படுகின்றது. ஆகையால், கிண்டிய வெங்காயத்தில் ஒரு பகுதியை அடுத்த நடுகை வரை வித்தாகக் காத்தல் வேண்டும். வித்தை விலைக்கு வாங்குதல் இப்பயிரின் பெருஞ் செலவுகளுள் ஒன்றாகும். கொட்டிலில் அழுகும் ஒவ்வொரு பிடியும் அச்செலவைக் கூட்டும்.

நோய்களை அறிதல்

கரும்பூஞ்சணம்: வெளிச் செதில்களின் கீழே கரித்தூள் போன்ற வித்திகள் காணப்படும். இதனை உண்டாக்குவது அசுப்பெர்கிலசு நைகர் என்னும் பங்கசு. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் ஈரமும் சேருமிடத்து இது விரைந்து பரவும்.

அடியழுகல்: வேர் தோன்றும் அடித்தட்டுக் கபில நிறமாகி, வெண்பூஞ்சணம் படர்ந்து, அழுகல் மேனோக்கிச் செல்லும். இதற்குக் காரணமான பியூசேரியம் பங்கசு மண்ணில் வாழ்வது.

நீலப்பூஞ்சணம்: பெனிசீலியம் பங்கசினால் உண்டாவது. குமிழில் காயம்பட்ட இடமே இதற்கு வாயில். சேமித்த உள்ளியையும் இது கெடுக்கும்.

அழுகல் தொடங்குமிடம்

அழுகல் கொட்டிலிற் காணப்படினும், பெரும்பாலும் அது தோட்டத்திலேயே தொடங்கிவிடுகின்றது. கழுத்துக் காயாத வெங்காயத்தில் பங்கசு எளிதில் நுழையும். சந்தையில் விலை ஏறியதும் முற்றாத பயிரைக் கிண்டுவோர் உளர். அவ்வெங்காயம் விற்பனைக்கு உதவலாம், வித்துக்கு உதவாது. எனவே, நோயற்ற சில பாத்திகளை வித்துக்கென முன்னரே ஒதுக்கி, அவற்றை முற்றவிடுதல் நன்று.

செய்ய வேண்டியவை

1. பயிரின் பிற்பகுதியில் நைதரசன் பசளையை மிகையாக இடலாகாது.

2. கிண்டுவதற்கு ஏறத்தாழ 10 நாள்களுக்கு முன் நீர் இறைப்பதை நிறுத்துதல் வேண்டும்.

3. தாள்கள் பாதிக்கு மேற் சாய்ந்த பின், மழையற்ற நாளிற் கிண்டி, குமிழிற் காயம்படாது எடுத்தல் வேண்டும்.

4. தாளை அறுக்காமல், காற்றோட்டமுள்ள நிழலிற் கழுத்து நன்கு ஒடுங்கும்வரை உலர்த்துதல் வேண்டும்.

5. சிறு பிடிகளாகக் கட்டி, கூரை ஒழுகாத கொட்டிலில், பிடிகளுக்கிடையே காற்றுப் புகுமாறு தொங்கவிடுதல் வேண்டும். நிலத்திற் குவித்தலும் சாக்கில் அடைத்தலும் தீது.

6. இரு கிழமைக்கொரு முறை பிடிகளைப் பார்த்து, அழுகியவற்றை நீக்கி எரித்தல் வேண்டும். அவற்றைக் குப்பைக் கிடங்கில் இட்டால், நோய் பசளையுடன் தோட்டத்துக்கே திரும்பும்.

நடும்போது

அடித்தட்டு மெலிந்து கபிலமான குமிழ்களை நடலாகாது. விவசாயப் போதனாசிரியர் சிபார்சு செய்யும் பங்கசுநாசினியில் வித்தைத் தோய்த்து நடலாம். ஆயினும், அது அழுகிய குமிழைக் குணப்படுத்தாது. தோய்த்த வெங்காயத்தை உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

அடியழுகற் பங்கசு மண்ணிற் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். இந்நோய் கண்ட தறையில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு வெங்காயமும் உள்ளியும் நடாது, குரக்கன் போன்ற வேறு பயிர்களைச் செய்தல் வேண்டும். அழுகிய வித்தை நடுபவர் இழப்பது ஒரு போக விளைவை மட்டுமன்று. தம் தறையின் நலனையும் நெடுங்காலத்துக்கு இழக்கின்றார்.