குடிநோய் பரம்பரையாக வருமா?

"அப்பா குடித்தே இறந்தார், பிள்ளைக்கும் அதே விதிதானா?" போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பலருக்கும் இந்த அச்சம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

டென்மார்க்கில் குழந்தைப் பருவத்திலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களைப் பற்றிய ஆய்வொன்று 1973இல் வெளியானது. குடிநோயாளிக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த 55 பேரில் 10 பேர் குடிநோயாளிகளாயினர். அத்தகைய பெற்றோர் இல்லாத 78 பேரில் நால்வரே அவ்வாறு ஆயினர். வீடு மாறியும் மரபணு தொடர்ந்தது. ஆயினும் அந்த 55 பேரில் 45 பேருக்கு அந்நோய் வரவில்லை என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும்.

குடிக்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே இதில் பங்கு வகிக்கின்றன. கிழக்காசிய மக்கள் பலருக்குக் கல்லீரல் நொதியொன்று சரிவர இயங்குவதில்லை. சிறிது குடித்தாலே முகம் சிவந்து குமட்டும். அதுவே அவர்களுக்குக் காப்பு. இதற்கு எதிரான நிலையே அபாயமானது. "எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டான்" என்று நண்பர்கள் மெச்சும் இளைஞரே பிற்காலத்தில் குடிநோயாளியாகும் வாய்ப்பு மிகுந்தவர். போதை தாமதமாக ஏறும் இவ்வியல்பும் ஓரளவு பரம்பரையாக வருவதே. குடும்பத்தில் குடிநோய் இருந்து, மகனிடம் இவ்வியல்பும் தென்பட்டால் பெருமை கொள்ளாதீர்கள். அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மலைக்குளிருக்காகக் குடிப்பதாகச் சொல்வதும் பொருந்தாது. மது தோலுக்கு இரத்தவோட்டத்தைக் கூட்டி உடற்சூட்டை வெளியேற்றிவிடும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் தோட்டத்துக் குடியிருப்பில் அடைத்து வைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்களில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிதல் ஆகியவை ஏற்படலாம். வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். குடியை நிறுத்தும் மருந்தென்று விற்கப்படுவதை அவர் அறியாமல் சோற்றில் கலந்து கொடுக்காதீர்கள். அம்மருந்துகளுள் சில, மதுவுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும்.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். நோயாளி வர மறுத்தால், தாங்கள் மட்டுமாவது வந்து ஆலோசனை பெறுங்கள். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.