ஒரே தண்டவாளம், மூன்று வேகம்

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை செல்லும் புறநகர் ரயில் பாதை சுமார் 48 கிலோமீட்டர் நீளமுள்ளது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை மக்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வர இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். கூடூர், விஜயவாடா வழியாக தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் முதன்மைப் பாதையும் இதுவே. எண்ணூர் காமராஜர் துறைமுகம், சென்னைத் துறைமுகம், அத்திப்பட்டு அருகிலுள்ள அனல்மின் நிலையம், தண்டையார்பேட்டை யார்டு ஆகியவற்றின் சரக்குப் போக்குவரத்தும் இந்தப் பகுதியில்தான் நடக்கிறது. ஆகவே மின்சார ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் என மூன்று வகை வண்டிகளுக்கும் இங்கே இடம் வேண்டும்.

மின்சார ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது பயணிகளின் நெடுநாள் கோரிக்கை. புதிய பெட்டிகள் வாங்குவதால் மட்டும் அது நிறைவேறாது. ஒரு தண்டவாளத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் ஓட முடியும் என்பதை நிர்ணயிப்பவை, அந்த வண்டிகளுக்கு இடையிலான வேக வித்தியாசமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல அவற்றுக்குத் தேவைப்படும் இடைவெளியும்தான்.

இடைவெளியின் கணக்கு

சாலையில் ஒரு பேருந்து நின்றால் பின்னால் வரும் கார் ஒதுங்கி முந்திவிடும். தண்டவாளத்தில் அதற்கு வழியில்லை. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு என்பதால் ரயில் குறைந்த ஆற்றலில் பெரும் சுமையை இழுக்கிறது. அதே காரணத்தால் அதை நிறுத்த நெடுந்தூரம் வேண்டியிருக்கிறது. முழுச் சுமையோடு விரையும் நிலக்கரி ரயில் பிரேக் போட்டபின் நிற்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடிவிடக்கூடும். முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் இடையே சிக்னல்கள் உறுதிசெய்வது இந்தத் தூரத்தைத்தான்.

பழைய முறையில், ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு தடத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். தானியங்கி சிக்னல் முறையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் வைத்து, சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்ற நான்கு அறிவிப்புகளால் வண்டிகளை நெருக்கமாக ஓட்டலாம். எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விடுவது பெரிய காரியமல்ல.

வேகம் வேறுபடும்போதுதான் சிக்கல் வருகிறது. 30 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். எல்லா நிலையங்களிலும் நிற்கும் மின்சார ரயில் அதைக் கடக்க 45 நிமிடம் ஆகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் செல்லும் விரைவு ரயிலுக்கு 18 நிமிடம் போதும். மின்சார ரயில் கிளம்பிய பின், விரைவு ரயில் வழியில் அதை எட்டிப் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் 27 நிமிட வித்தியாசமும் 5 நிமிடப் பாதுகாப்பு இடைவெளியும் சேர்த்து 32 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆறு மின்சார ரயில்களை அனுப்பியிருக்கலாம். ஒரு விரைவு ரயில் ஆறு ரயில்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. தடத்தைக் கூட்டாமல் இதைத் தவிர்க்க ஒரே வழி, நடுவில் ஏதாவது ஒரு நிலையத்தில் மெதுவான வண்டியை ஒதுக்கி நிறுத்துவது.

லூப் லைனில் நடப்பது

சரக்கு ரயிலை ஒதுக்குவது அவ்வளவு எளிதல்ல. 58 வேகன்கள் கொண்ட நிலக்கரி ரயில் சுமார் 650 முதல் 700 மீட்டர் நீளம் இருக்கும். தடம் மாற்றும் பாயின்டைக் கடந்து, ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தடமான லூப் லைனுக்குள் நுழையும்போது அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராகவும், பல இடங்களில் 15 கிலோமீட்டராகவும் கட்டுப்படுத்தப்படுகிறது. 700 மீட்டர் வண்டி முழுவதும் உள்ளே போய்ச் சேர, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடமும், 15 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். கடைசி வேகன் மெயின் லைனை விட்டு முழுமையாக விலகும் வரை பின்னால் வரும் மின்சார ரயிலுக்குப் பச்சை விழாது. அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே, அவுட்டரில் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

வெளியே வருவதற்கும் நேரம் பிடிக்கிறது. மின்சார ரயில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஏறத்தாழ அரை நிமிடத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள சரக்கு ரயிலுக்கு அதே வேகம் கிடைக்கப் பல நிமிடங்கள் ஆகும். துறைமுகத்துக்கோ மின்நிலையத்துக்கோ திரும்பும் சரக்கு ரயில் எதிர்த்திசைத் தடத்தைக் குறுக்கே கடக்க நேர்ந்தால் இரு திசைப் போக்குவரத்தும் நின்றுவிடும்.

இவற்றோடு பராமரிப்பும் உண்டு. தண்டவாளத்தையும் மின்கம்பியையும் சரிபார்க்க ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் தேவை. ஒற்றைப் பாதையின் கொள்ளளவைக் கணக்கிட இந்திய ரயில்வே பயன்படுத்தும் ஸ்காட் சூத்திரம், நாளின் 1,440 நிமிடங்களில் 70 சதவீதத்தை மட்டுமே ரயில் ஓடும் நேரமாகக் கொள்வது இதுபோன்ற காரணங்களால்தான்.

தீர்வுகள்

தானியங்கி சிக்னல், நீளமான லூப் லைன், அதிக வேகத்தில் கடக்கக்கூடிய பாயின்டுகள், குறுக்கே கடப்பதைத் தவிர்க்கும் ரயில் மேம்பாலம் ஆகியவை ஓரளவு உதவும். முழுப் பலன் தருவது தனித்தடம்தான். சென்னைக் கடற்கரை - அத்திப்பட்டு இடையே 22.1 கிலோமீட்டர் நீளமுள்ள நான்காவது தடம் 293.40 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. துறைமுகச் சரக்குப் போக்குவரத்தின் நெரிசலைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கம்.

நகரத்துக்குள் தடம் சேர்ப்பதற்கு மக்கள் கொடுக்கும் விலையும் பெரிது. கடற்கரை - எழும்பூர் நான்காவது தடம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். அந்தப் பணிக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் எனப்படும் உயர்மட்ட ரயில் சேவை ஓடவில்லை.

உலகெங்கும் இதே பாடம்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை வர்ஜீனியாவுடன் இணைக்கும் லாங் பிரிட்ஜ் என்ற ரயில் பாலம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டே தடங்கள் கொண்ட அந்தப் பாலம் சிஎஸ்எக்ஸ் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தம். புறநகர் ரயில்களும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் நெடுந்தூரப் பயணிகள் ரயில்களும் அதில்தான் போட்டியிட வேண்டியிருந்தது. பயணிகள் ரயிலுக்கென்று அருகிலேயே இன்னொரு இரட்டைத் தடப் பாலம் கட்ட வர்ஜீனியா மாநிலம் முடிவு செய்து, 2024இல் பணியைத் தொடங்கியது. இந்தியாவில் சரக்குக்கென்றே 1,337 கிலோமீட்டர் கிழக்கு வழித்தடமும் 1,506 கிலோமீட்டர் மேற்கு வழித்தடமும் திட்டமிடப்பட்டதன் அடிப்படையும் வேகங்களைப் பிரித்துவிடுவதே.

சரக்கு ரயிலைப் பயணிகளின் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நிலக்கரி ரயில் 3,500 டன்னுக்கு மேல் சுமக்கிறது. அதை லாரிகளில் ஏற்றினால் நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் சாலையில் இறங்கும். சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் ஓட வேண்டும், இரண்டுக்கும் இடம் வேண்டும். புறநகர் ரயில்களைப் பெருக்க நினைக்கும் எந்த நகரமும் கால அட்டவணையைத் திருத்துவதற்கு முன்னால் தண்டவாளத்தைப் பெருக்கியாக வேண்டும்.